சம்மத வயது: சட்டம் எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது

பிரான்சில் 2017-ல் வெளியே வந்த ஒரு வழக்கு நாட்டையே கொதிக்க வைத்தது. சிறுமிக்கு வயது 11. அந்த ஆளுக்கு 28. ஆனால் அரசுத் தரப்பு அதை முதலில் வல்லுறவு வழக்காக எடுக்கவில்லை, அதைவிடச் சிறிய குற்றமாகவே பதிவு செய்தது. சட்டத்தின் வாசகம் அப்படி இருந்தது. வன்முறை, வற்புறுத்தல், மிரட்டல், எதிர்பாராமல் பாய்தல் என்று நான்கில் ஏதாவது ஒன்று நடந்ததாக நிரூபித்தால்தான் அன்று அந்த நாட்டில் அது வல்லுறவு. 15 வயதுக்குக் கீழ் உள்ளவரோடு பெரியவர் உறவு கொள்வது குற்றம்தான் என்றாலும், அதற்கான தண்டனை மிகக் குறைவு. ஆக, ஐந்தாம் ஆறாம் வகுப்பு படிக்கும் வயதில் உள்ள ஒரு குழந்தை ஏன் கத்தவில்லை, ஏன் ஓடவில்லை, ஏன் கூடப் போனாள் என்பதெல்லாம் வழக்கின் மையக் கேள்விகளாகிவிட்டன.

மக்களின் கோபம் 2021 ஏப்ரலில் புதிய சட்டமாக முடிந்தது. 15 வயதுக்குக் கீழ் உள்ளவரோடு, அவரைவிட ஐந்து வயதாவது மூத்த ஒரு பெரியவர் உறவு கொண்டால் அது வல்லுறவு, அவ்வளவுதான். மிரட்டினாரா, வற்புறுத்தினாரா என்ற ஆராய்ச்சியே தேவையில்லை. குற்றவாளி குடும்பத்துக்குள் இருப்பவர் என்றால் அந்த எல்லை 18 வயது.

ஒரு குறிப்பிட்ட வயதுக்குக் கீழ் உள்ளவரின் பாலியல் சம்மதம் செல்லாது என்று கோடு போடுவதுதான் சம்மத வயதுச் சட்டம். அது எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வழக்கைத்தான். நீதிமன்றத்தில் கேட்கப்படும் கேள்வியை அது மாற்றுகிறது. எல்லைக்கோடு இல்லாத இடத்தில் விசாரணை குழந்தையின் நடத்தையைச் சுற்றியே ஓடும். அவள் என்ன உடுத்தியிருந்தாள், முன்பே பழக்கம் உண்டா, பரிசு வாங்கிக்கொண்டாளா, மறுநாளும் பேசினாளா என்று குறுக்கு விசாரணை நீளும். கோடு போட்டுவிட்டால் இரண்டே கேள்விகள்தான் மிஞ்சும்: குழந்தைக்கு என்ன வயது, அந்த ஆள் என்ன செய்தான். பாரம் முழுவதும் பெரியவர் தலையில் விழுகிறது. விழ வேண்டிய இடமும் அதுதான்.

குழந்தையால் ‘சரி’ என்று சொல்ல முடியாதா? வாயால் சொல்ல முடியும். பயத்தில் சொல்லலாம், பிரியத்தில் சொல்லலாம், பெரியவர் சொன்னால் கேட்க வேண்டும் என்று பழக்கியதால் சொல்லலாம், என்ன நடக்கப்போகிறது என்று தெரியாமலே சொல்லலாம். குழந்தைகளைக் குறிவைக்கும் பெரியவர்கள் பெரும்பாலும் மிரட்டுவதில்லை. முதலில் நம்பிக்கையைச் சம்பாதிக்கிறார்கள். ‘நீதான் என்னைப் புரிந்துகொண்டவள்’ என்கிறார்கள், ரகசியம் காக்கச் சொல்கிறார்கள், சின்னச் சின்னதாக எல்லைகளைத் தள்ளிப் பார்க்கிறார்கள். கடைசியில் அந்தக் குழந்தையே ‘நானும்தானே ஒத்துக்கொண்டேன்’ என்று நம்பும்படி செய்துவிடுகிறார்கள். பல குழந்தைகள் வருடக்கணக்கில் வாய் திறக்காமல் இருப்பதற்கு இந்தக் குற்ற உணர்வு ஒரு பெரிய காரணம். அந்தச் சம்மதத்துக்கு மதிப்பில்லை என்று சட்டம் அடித்துச் சொல்லும்போது, ‘தவறு உன்னுடையது இல்லை’ என்று அந்தக் குழந்தையிடமும் சேர்த்தே சொல்கிறது.

அப்புறம், எந்த வயது என்ற கேள்வி. இயற்கை எந்த எண்ணையும் கொடுக்கவில்லை. ஜெர்மனியில் 14, பிரான்சில் 15, பிரிட்டனில் 16, இந்தியாவில் 18. பிறந்தநாளுக்கு முந்தைய நாள் முடிவெடுக்கத் தெரியாதவர் மறுநாள் காலையில் எல்லாம் தெரிந்தவராகிவிடுவதும் இல்லை. வளரிளம் பருவத்தை ஆராய்ந்த லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் போன்ற உளவியலாளர்கள் ஒரு முக்கியமான வேறுபாட்டைக் காட்டியிருக்கிறார்கள். பதற்றம் இல்லாமல், நேரம் எடுத்து, தகவல்களை அலசி முடிவெடுக்கும் திறன் ஏறக்குறைய 16 வயதில் பெரியவர்களுக்கு நிகராகிவிடுகிறது. உணர்ச்சி கொந்தளிக்கும்போது, நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒருவர் அழுத்தம் கொடுக்கும்போது தன்னைக் கட்டுப்படுத்தும் திறன் முதிர இருபதுகள் வரை ஆகிறது. பாலியல் முடிவுகள் இந்த இரண்டாவது வகையிலேயே அதிகம் விழும். அதனால் 16 சரியா 18 சரியா என்பதற்கு அறிவியல் ஒரே விடை தராது. எல்லை எங்கே என்பதைச் சமூகம்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் எல்லையே வேண்டாம், ஒவ்வொரு குழந்தையின் முதிர்ச்சியையும் தனித்தனியாக எடைபோட்டுக்கொள்ளலாம் என்றால், மறுபடியும் அந்தக் குழந்தையைத்தான் கூண்டில் நிறுத்துவோம்.

இந்தச் சட்டங்கள் குழந்தைகள் மேல் உள்ள அக்கறையில்தான் பிறந்தன என்று நினைத்தால் அது பாதி உண்மைதான். இங்கிலாந்தில் 1275-லேயே இப்படி ஒரு விதி வந்துவிட்டது. அன்று எல்லை 12 வயது என்று புரிந்துகொள்ளப்பட்டது. 1576-ல் வந்த கடுமையான சட்டம் 10 வயதுக்குக் கீழ் உள்ள சிறுமிகளையே பேசியது. அந்தக் காலத்தில் மகளின் கற்பு தந்தையின் உடைமை, குடும்பத்தின் கௌரவம், கல்யாணச் சந்தையில் அவளுக்கான மதிப்பு. அதைக் கெடுத்தவனைத் தண்டிப்பதே சட்டத்தின் நோக்கம். பையன்கள் கணக்கிலேயே வரவில்லை. இந்தப் பழைய வேர் இன்னும் அறுந்துபோகவில்லை. பின்னால் சொல்லப்போகும் சிக்கல்கள் பலவும் அதிலிருந்து முளைத்தவைதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் குழந்தையின் பக்கம் பார்வை திரும்பியது. 1885-ல் லண்டன் பத்திரிகையாளர் டபிள்யூ. டி. ஸ்டெட், 13 வயதுச் சிறுமியைப் பாலியல் தொழிலுக்காகக் காசு கொடுத்து வாங்குவது எவ்வளவு சுலபம் என்று அம்பலப்படுத்தித் தொடர் எழுதினார். அதை நிரூபிக்க அவரே ஒரு சிறுமியை ‘வாங்கியதால்’ மூன்று மாதம் சிறைக்கும் போனார். ஜோசபின் பட்லர் போன்ற பெண்கள் ஆண்டுக்கணக்காக நடத்திவந்த இயக்கமும் சேர்ந்துகொள்ள, அதே ஆண்டு சம்மத வயது 13-லிருந்து 16-க்கு உயர்ந்தது. அமெரிக்காவில் 1880 வாக்கில் பெரும்பாலான மாநிலங்களில் இந்த வயது 10 அல்லது 12. டெலவேர் மாநிலத்தில் 7. பெண்கள் இயக்கங்கள் மாநிலம் மாநிலமாகப் போராடி, 1920-க்குள் பெரும்பாலான இடங்களில் அதை 16 அல்லது 18 ஆக்கின.

இந்தியாவில் 1860-ன் தண்டனைச் சட்டம் வைத்த எல்லை 10 வயது. 1890-ல் கல்கத்தாவில் விசாரிக்கப்பட்ட பூல்மணி தாசி வழக்கு அந்த எல்லையின் கொடூரத்தைக் காட்டியது. அந்தச் சிறுமிக்கு வயது 10 அல்லது 11 இருக்கும். அவளைவிடப் பல வயது மூத்த கணவனின் பாலியல் வன்முறையால் ரத்தப்போக்கு ஏற்பட்டு இறந்தாள். அவள் 10 வயதைக் கடந்திருந்ததால் வல்லுறவுக் குற்றம் சாட்ட முடியவில்லை. கிடைத்த தண்டனை ஓராண்டுச் சிறை. மறு ஆண்டே, 1891-ல், எல்லை 12 ஆனது. பால கங்காதர திலகர் உள்ளிட்ட பலர், அந்நிய அரசு எங்கள் குடும்பத்துக்குள் மூக்கை நுழைப்பதா என்று கடுமையாக எதிர்த்தார்கள். ஒரு குழந்தையின் உயிரைப் பற்றிய பேச்சு, ஆண்களின் தன்மானத்தைப் பற்றிய பேச்சாக மாறிப்போனது. பிறகு 1925-ல் 14, 1940-களில் 16, 2012-ல், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த போக்சோ சட்டத்தோடு 18. 1925 முதலே சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது: கணவனுக்கு மட்டும் எல்லை தாழ்ந்தே இருந்தது. வெளியாள் செய்தால் குற்றம், தாலி கட்டியவன் செய்தால் இல்லை. 15 முதல் 18 வயது வரையுள்ள மனைவிகளைத் தவிக்கவிட்ட அந்த ஓட்டையை உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபரில்தான் அடைத்தது.

சரி, இந்தச் சட்டங்கள் பலன் தருகின்றனவா? எதைப் பலன் என்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

குற்றம் நடக்காமல் தடுப்பதுதான் பலன் என்றால், சம்மத வயதை உயர்த்தியதாலேயே குழந்தைகள் மீதான குற்றங்கள் குறைந்தன என்று உறுதியாகக் காட்டுவது கடினம். குற்றம் செய்பவனைத் தயங்க வைப்பது தண்டனையின் கடுமையைவிட மாட்டிக்கொள்வோம் என்ற நிச்சயம். குழந்தைகள் மீதான குற்றங்களில் அந்த நிச்சயம் மிகக் குறைவு. இந்தியாவின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குகளின்படி, பதிவாகும் போக்சோ வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர். உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், ஆசிரியர், குடும்ப நண்பர் என்று வீட்டுக்குள் சர்வசாதாரணமாக வந்துபோகிறவர். அவர் மேல் புகார் கொடுக்கக் குழந்தை முதலில் பேச வேண்டும், பெரியவர்கள் நம்ப வேண்டும், பிறகு குடும்பத்தின் அழுத்தத்தைத் தாண்டிக் காவல் நிலையம் வரை போக வேண்டும். இந்த மூன்று படிகளில் எதையும் ஒரு எண்ணால் ஏற்றிவிட முடியாது. கனடா 2008-ல் சம்மத வயதை 14-லிருந்து 16 ஆக்கியது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து மாணவர்களிடம் எடுத்த ஆய்வுகளை அலசியவர்கள் அப்போது ஒன்றைச் சுட்டிக்காட்டினார்கள். 14, 15 வயதினரின் துணைகள் பெரும்பாலும் ஏறக்குறைய அதே வயதினர். பெரியவர்களிடம் மாட்டும் ஆபத்து அதிகம் இருந்தது 12 வயதுக்கும் கீழ் உள்ள குழந்தைகளுக்கு. அவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு முன்பே இருந்தது. சட்டம் இருந்தும் அது அவர்களை எட்டவில்லை.

நீதிமன்றத்துக்குள் வந்த பிறகு கதை வேறு. இங்கே கோடு உண்மையாகவே வேலை செய்கிறது. அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1972-ல் மகாராஷ்டிராவில் ஒரு காவல் நிலையத்துக்குள் இரண்டு காவலர்களின் வன்கொடுமைக்கு ஆளான பழங்குடிப் பெண்ணின் வழக்கு மதுரா வழக்கு என்று அறியப்படுகிறது. அவளுக்கு 14 முதல் 16 வயது இருக்கும் என்றார் மருத்துவர். அன்றைய எல்லை 16. ஆனால் 16-க்குக் கீழ்தான் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று விசாரணை நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த ஒரு வரியோடு வழக்கின் திசையே மாறியது. அதன் பிறகு அவள் சம்மதித்தாளா இல்லையா என்பதுதான் கேள்வி. உடம்பில் காயமில்லை, சத்தம் போடவில்லை, முன்பே ஒருவனோடு பழக்கம் உண்டு என்றெல்லாம் அவளை ஆராய்ந்தார்கள். உயர் நீதிமன்றம் தண்டித்த காவலர்களை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. நாடு முழுவதும் எழுந்த எதிர்ப்பால் 1983-ல் வல்லுறவுச் சட்டம் திருத்தப்பட்டது. அவள் கையில் ஒரு பிறப்புச் சான்றிதழ் இருந்து, அது 16-க்குக் கீழ் என்று காட்டியிருந்தால், அந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூட யாரும் கேட்டிருக்க முடியாது.

பிறப்புச் சான்றிதழ் என்ற அந்தச் சாதாரணக் காகிதத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சம்மத வயதுச் சட்டத்தின் மொத்த பலமும் அதில்தான் நிற்கிறது. உலகத்தில் ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள சுமார் 15 கோடிக் குழந்தைகளின் பிறப்பு எங்கும் பதிவாகவில்லை என்று யுனிசெப் 2024-ல் கணக்கிட்டது. பள்ளிச் சான்றும் இல்லாமல் போனால் கடைசி வழி, எலும்பு வளர்ச்சியை எக்ஸ்ரேயில் பார்த்து வயதைக் கணிப்பது. அதில் இரண்டு வருடம் முன்பின்னாக இருக்கலாம் என்று நீதிமன்றங்களே ஒப்புக்கொள்கின்றன. சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போகும்போது, ஏழைக் குழந்தைக்கு அந்த இரண்டு வருடம் சட்டத்தின் கதவையே சாத்திவிடுகிறது. சம்மத வயதை உயர்த்தச் சொல்லிக் கேட்கும் குரல்களில் பத்தில் ஒரு பங்காவது பிறப்புப் பதிவுக்காகவும் ஒலிக்க வேண்டும் என்பது என் ஆசை.

இனி சட்டம் தடுமாறும் இடம். அதே கோடு, 17 வயதுப் பெண்ணும் 18 வயதுப் பையனும் காதலிக்கும்போதும் குறுக்கே வருகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 17 வயதுப் பையன் ஒருவனுக்கு, 15 வயதுப் பெண்ணோடு இருந்ததற்காக 2005-ல் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. வற்புறுத்தல் ஏதும் இல்லை என்பதை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் குறைந்தபட்சத் தண்டனை பத்தாண்டு என்று சட்டம் கட்டிப்போட்டிருந்தது. 2007-ல் மாநில உச்ச நீதிமன்றம் அது கொடுமையான தண்டனை என்று சொல்லி அவனை வெளியே விட்டது. அதற்குள் இரண்டு வருடத்துக்கும் மேல் அவன் சிறையில் கழித்துவிட்டான்.

இந்தியாவில் இது இன்னும் பரவலான சிக்கல். அசாம், மகாராஷ்டிரா, மேற்கு வங்கம் ஆகிய மூன்று மாநிலங்களில் 2016 முதல் 2020 வரையிலான 7,064 போக்சோ தீர்ப்புகளை என்ஃபோல்டு என்ற அமைப்பு ஆராய்ந்தது. அதில் 1,715 வழக்குகள் காதல் உறவுகளைப் பற்றியவை. ஏறக்குறைய நான்கில் ஒன்று. இவற்றில் பெரும்பாலானவை பெண்ணின் குடும்பம் கொடுத்த புகார்கள். பையன் வேறு சாதி, வேறு மதம், அல்லது பெண் வீட்டை விட்டுப் போய்விட்டாள் என்பது பல வழக்குகளின் பின்னணி. பெண் நீதிமன்றத்துக்கு வந்து அவன் தப்பு செய்யவில்லை என்கிறாள். பத்துக்கு ஒன்பது வழக்குகளுக்கும் மேல் விடுதலையில் முடிகின்றன. அதற்குள் பையன் சிறையில் இருந்திருப்பான், பெண் காப்பகத்தில் இருந்திருப்பாள், மருத்துவப் பரிசோதனையும் வாக்குமூலமும் முடிந்திருக்கும். தந்தையின் கௌரவத்துக்காகப் பிறந்த சட்டத்தின் பழைய வேர் என்றேனே, அது இங்கேதான் தலைகாட்டுகிறது. குழந்தையைக் காக்க வந்த சட்டம், மகளின் விருப்பத்தை அடக்கும் கருவியாகிறது. சென்னை உயர் நீதிமன்றம் 2019-லேயே எல்லையை 16 ஆக்கலாம், ஐந்து வயதுக்குள் வித்தியாசம் இருந்தால் தளர்வு தரலாம் என்று யோசனை சொன்னது.

கண்ணுக்குத் தெரியாத சேதம் ஒன்றும் உண்டு. குற்றம் நடந்தது தெரிந்தால் யாராக இருந்தாலும் காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று பல நாடுகளில் விதி இருக்கிறது. சிறு குழந்தைகளுக்கு அது அவசியம். ஆனால் கர்ப்பமான 17 வயதுப் பெண்ணுக்கு, டாக்டரிடம் போனால் காதலன் சிறைக்குப் போவான் என்று தெரிந்தால் அவள் போக மாட்டாள். தெரியாத இடத்தில், தெரியாத மாத்திரையை வாங்கிப் போடுவாள். இதை உணர்ந்துதான் 2022-ல் இந்திய உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், காவல் துறைக்குத் தரும் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்றது. தென்னாப்பிரிக்காவின் அரசமைப்பு நீதிமன்றம் 2013-ல் இன்னும் ஒரு படி மேலே போனது. 12 முதல் 15 வயது வரை உள்ளவர்கள் தங்களுக்குள் மனமொத்துப் பழகுவதைக் குற்றமாக்குவது அந்தக் குழந்தைகளின் கண்ணியத்தையே காயப்படுத்துகிறது என்று தீர்ப்பளித்தது. ஐநா குழந்தைகள் உரிமைக் குழுவும் 2016-ல், ஒத்த வயது வளரிளம் பருவத்தினர் சுரண்டல் இல்லாமல் மனமொத்துப் பழகுவதைக் குற்றமாக்காதீர்கள் என்று நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

இதற்குத் தீர்வு எல்லையைக் கண்ணை மூடிக்கொண்டு இறக்குவது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 16 வயதுப் பெண்ணை 40 வயதுக்காரர் ஏமாற்றுவதும், வேலை வாங்கித் தருகிறேன் என்று கடத்திப் போவதும் நடக்கத்தான் செய்கின்றன. எல்லையை இறக்கினால் குழந்தைத் திருமணத்துக்கும் கடத்தலுக்கும் எதிரான போராட்டம் பலவீனமாகும் என்று 2023-ல் இந்தியச் சட்ட ஆணையம் எச்சரித்ததில் நியாயம் இருக்கிறது. 16 முதல் 18 வரையுள்ளவர்கள் விஷயத்தில் தண்டனையைக் குறைக்கும் அதிகாரத்தை நீதிபதிக்குத் தரலாம் என்றும் அது சொன்னது. ஆனால் தண்டனைக் கட்டத்தில் காட்டும் கருணை, கைது செய்யும் நாளில் உதவாது.

நல்ல வழியைப் பல நாடுகள் ஏற்கெனவே எடுத்திருக்கின்றன. வயதை மட்டும் பார்க்காமல் வயது வித்தியாசத்தையும் பார்ப்பது. கனடாவில் எல்லை 16, ஆனால் 14, 15 வயதினருக்கு ஐந்து வயதுக்குள் மூத்த துணை இருந்தால் குற்றமில்லை. பிலிப்பைன்ஸ் 2022-ல் எல்லையை 12-லிருந்து 16-க்கு உயர்த்தியபோது மூன்று வயது வித்தியாசத்துக்கு விலக்கு வைத்தது. ஜப்பானில் 1907 முதல் இருந்த 13 என்ற எல்லை 2023-ல் 16 ஆனது. அங்கே 13 முதல் 15 வரையுள்ளவர்கள் விஷயத்தில் ஐந்து அல்லது அதற்கு மேல் வயது மூத்தவர்தான் குற்றவாளி. மூன்று நாடுகளும் எல்லையை மேலே தூக்கிக்கொண்டே, பதின்பருவத்தினரைக் கூண்டிலிருந்து வெளியே எடுத்திருக்கின்றன.

கூடவே வேண்டியது, அதிகாரத்தை எடைபோடும் சட்டம். பிரிட்டனில் பொது எல்லை 16 என்றாலும், பள்ளி ஆசிரியர், பராமரிப்பாளர் போன்ற பொறுப்பில் இருப்பவர்கள் தங்கள் கண்காணிப்பில் உள்ள 18 வயதுக்குக் கீழானவர்களைப் பாலியல் நோக்கில் தொடக் கூடாது. 2022-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விளையாட்டுப் பயிற்சியாளர்களும் மதத் தலைவர்களும் இந்தப் பட்டியலில் சேர்ந்தார்கள். அணியில் இடம் தருவதும் மறுப்பதும் ஒருவர் கையில் இருக்கும்போது, அவரிடம் 17 வயது வீராங்கனை சொல்லும் ‘சரி’க்கு என்ன மதிப்பு என்று அந்தச் சட்டம் கேட்கிறது. இரண்டு பதின்பருவத்தினர் பழகும்போது அந்தக் கேள்வி எழுவதில்லை.

பெரியவர்களின் சுரண்டலையும் ஒத்த வயதினரின் காதலையும் பிரித்துப் பார்க்காதவரை, சட்டம் பலனளிக்கிறதா என்று அளக்கவும் முடியாது. வழக்குகளின் எண்ணிக்கை கூடியது என்று ஓர் அறிக்கை சொன்னால், குழந்தைகள் துணிந்து பேசத் தொடங்கிவிட்டார்கள் என்று மகிழலாம், குற்றங்கள் பெருகிவிட்டன என்று அஞ்சலாம், ஓடிப்போன காதலர்கள் மேல் பெற்றோர் கொடுக்கும் புகார் கூடிவிட்டது என்றும் சொல்லலாம். ஒவ்வொரு வழக்கிலும் இருவருக்கும் இடையே உள்ள வயது வித்தியாசம், உறவு, புகார் கொடுத்தவர் யார் என்ற மூன்று தகவல்களைத் தனித்தனியாகப் பதிவு செய்து வெளியிட்டாலே, இந்த மூன்றில் எது எவ்வளவு என்று தெரிந்துவிடும். அதற்குப் புதிய சட்டம்கூட வேண்டாம். முதல் தகவல் அறிக்கையிலும் குற்றப்பத்திரிகையிலும் அந்த விவரங்கள் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கின்றன.